திட்டி அனுப்பச் சொன்ன ஏழுமலை

1987. செவ்வாய், இரவு.

இட ஒதுக்கீட்டுப் போராட்டத்துக்காக சங்கராபுரம் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதன் பக்கத்தில் இருந்த இரண்டு பேரை இன்று ஸ்டேஷனுக்குப் பிடித்து வந்தோம். வேலாயுதம் இளவட்டம். அதட்டினால் வீம்புதான் ஏறும். அதனால் அவனைக் கத்த விட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவனே, "நான்தான் வெட்டினேன், இன்னா இப்போ?" என்றான்.

ஏழுமலை கரும்பு வண்டிக்காரர். கொடுவாளோடு பிடிபட்டவர். அதட்டிப் பார்த்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன், வாயே திறக்கவில்லை. கண் மட்டும் வேலாயுதத்தின் மேலேயே இருந்தது. இருவரும் ஒரே ஊர். அது எனக்கு உறைக்க மத்தியானம் ஆயிற்று.

ஏழுமலையை மட்டும் தனியாகக் கிணற்றடிக்கு அழைத்துப் போய், மாடுகள் எங்கே என்று கேட்டேன்.

"ரோட்டுலயே நிக்குதுங்க. தண்ணிகூட காட்டல."

தண்ணீர் காட்ட ஒரு கான்ஸ்டபிளை அனுப்பினேன். பிறகுதான் பேச்சு வந்தது.

"கரும்பு காஞ்சிக்கினு இருக்குதுங்க. வண்டி போவணுமேன்னு குறுக்க கெடந்த கிளையதான் கழிச்சேன். வேலாயுதம் முன்னாடி இத எப்பிடிங்க சொல்றது? மறியலக் கெடுத்தவன்னு ஊர்ல ஒருத்தன் மூஞ்சி குடுத்துப் பேச மாட்டான்."

நம்பினேன். அடிமரத்தில் இருந்தது கோடாலி வெட்டு.

போகச் சொன்னேன். நகரவில்லை. "சும்மா வுட்டா சந்தேகப்படுவாங்க. அவன் முன்னாடி நல்லா திட்டி அனுப்புங்க."

ஸ்டேஷன் வாசலுக்குத் திரும்பக் கூட்டி வந்து திட்டினேன். என் சர்வீஸில் யாரையும் அவ்வளவு மனசார திட்டியதில்லை. தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

உள்ளேயிருந்து வேலாயுதம் கத்தினான்: "அவுரு ஒண்ணும் பண்ணல சார், இன்னாத்துக்கு இந்தத் திட்டு திட்றீங்க?"