முதல் கையெழுத்து

என் மூத்த மகளுக்கு,

எழுத்து கோணலாக இருக்கும். கதவு பட்டு என் கை வீங்கியிருக்கிறது. அதைப் பற்றி உன் தம்பியிடம் கேட்காதே.

மனநிலை குழம்பியவர்களை அவசரத்துக்குச் சேர்க்கும் சிகிச்சை நிலையம் ஒன்றை ஹட்டனில், நம் தெருவிலேயே கட்ட அரசாங்கம் பணம் ஒதுக்கியிருக்கிறது. அதை எதிர்த்து மனு எழுதித் தரும்படி கடைக்காரர் பைஸர் வந்தார். தெருவின் மனுக்களை நான்தானே எழுதுவது.

"பைத்தியங்க நடமாடினா பொம்பளப் புள்ளைங்க எப்படி டீச்சர் ஸ்கூலுக்குப் போறது?" என்றார்.

அந்நேரம் உன் தம்பி உள்ளறைக் கதவை உதைத்தான்.

"உள்ளுக்கு யாருங்க? மகன் கொழும்புலதானே?"

"கொழும்பில்தான். இது காற்று," என்றேன்.

மனு பிழையில்லாமல் அமைந்தது. முதல் கையெழுத்து என்னுடையது.

நத்தார் பண்டிகைக்கு வரும்போது பெரிய பூட்டு ஒன்று வாங்கி வா. பைஸர் கடையில் வாங்கினால் எதற்கு என்று கேட்பார்.

அன்புடன்,
அம்மா