செடிக்கு இரண்டு கைப்பிடி

மகளுக்கு,

நலம் விசாரிப்பதை விட்டுவிடுகிறேன். பதில் நம் இருவருக்கும் தெரியும். தோட்டத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கட்டடக் கழிவு கொட்டிக் கிடந்த பின்முற்றத்தில், இந்த மண்ணுக்கே உரிய செடிகளை வளர்த்து, அவை பூப்பதைப் பார்க்க வேண்டும் என்பது உன் அப்பாவின் ஆசை. சருகு மக்கி, மண்புழு வந்து, அப்படிப்பட்ட மண் தேறுவதற்கு மூன்று ஆண்டுகள் ஆகும். மருத்துவர் அவருக்குக் கொடுத்திருப்பது மூன்று மாதம். ஆகவே, முப்பது ஆண்டுகள் மண்ணியல் கற்பித்த நான், அவர் மதியம் கண்ணயர்ந்த நேரத்தில் நட்டிருந்த கன்றுகளுக்கு, செடிக்கு இரண்டு கைப்பிடி யூரியா போட்டேன். இப்படி விடை எழுதிய மாணவர்களை ஈவிரக்கமின்றி ஃபெயிலாக்கியிருக்கிறேன்.

ஒரு வாரம் தளதளவென்று நின்றன. பிறகு வேர் கருகி, ஒன்று விடாமல் சாய்ந்தன.

நாற்காலியைப் பின்வாசலுக்கு இழுத்துப் போடச் சொல்லி, உட்கார்ந்து பார்த்தார்.

“புரொபசரம்மா, உரம் போட்டியா?”

“ஆமா. புத்தி கெட்டுப்போச்சு.”

“போனா போகுது, உன்னை நான் பாஸ் பண்ணி விட்டுடறேன். மறுபடியும் சருகு போடு. இந்தத் தடவை அவசரப்படாதே. நான் எங்கேயும் போயிடல.”

மருத்துவர் கெடு சொன்னபோது அவரும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

சருகைப் பரப்பிவிட்டேன். அந்த மண் தேறும்போது பார்ப்பதற்கு நான் மட்டும் இருப்பேன். அதில் எனக்கு எள்ளளவும் ஆர்வமில்லை.

பூத்ததும் வருகிறேன் என்று எழுதியிருந்தாய். பூக்காது. உடனே கிளம்பி வா.

உன் அம்மா