கமலாசனி சொன்ன உண்மை

உருத்திரபுரம், 12.6.1958

அன்புள்ள அம்மாவுக்கு,

இறைவன் துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்ததா?

சென்ற கிழமை ஏரம்பு என்ற கமக்காரர் பள்ளிக்கூடத்துக்கே வந்துவிட்டார். பக்கத்து வயலுக்குரிய வாய்க்கால் தண்ணீரைத் திருப்பியது தன் அப்பாதான் என்று அவர் மகள் கமலாசனி அயலாரிடம் சொல்லிவிட்டாளாம்.

"என்ர பிள்ளையைக் கிறிஸ்தவ வேதத்துக்கு மாத்தப் பாக்கிறியளோ, ரீச்சர்?"

"பொய் சொல்லாதே எண்டுதான் படிப்பிச்சனான்" என்றேன். மேலும் பேசக் களைப்பாக இருந்தது.

அவர் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் கையில் பிடித்தார். "திருப்பினது நான்தான்" என்றார். "பிள்ளை சமய பாடத்தில இருக்கட்டும். ஞானஸ்நானம் மட்டும் வேண்டாம்."

என் செபமாலை அறுந்துவிட்டது. உங்கள் பழையதை அனுப்புங்கள். உறையில் ரீச்சர் என்று போடாமல் பெயரையே எழுதுங்கள். இங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை.

தபாற்காரர் காத்து நிற்கிறார்.

உங்கள் மகள்,
புனிதம்