மூணு பேரும் இருக்கோமா?

ஜனவரி 5, ஞாயிறு

பனி முழங்கால் வரை. சிநேகிதன் டூகலும் நானும் மட்டும் ஓடினோம். மார்ச் மலையோட்டப் பந்தயத்துக்கு இன்னும் ஒன்பது வாரம்தான், இப்போதே எனக்கு மூச்சு இரைக்கிறது. ஆட்டு மேய்ச்சல் நிலத்துச் சுவரின் இரும்புக் கதவைத் தாண்டியதும் அறைந்து மூடினேன். எங்கள் மலைகளில் அப்படித்தான். கடைசியில் வருகிறவர் கதவை மூடவேண்டும். அந்த 'டங்' கேட்டால் எல்லோரும் வந்தாயிற்று. முன்னால் ஓடுகிறவர் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை.

இன்று டூகல் திரும்பிப் பார்த்தான்.

"என்னடா பாக்குற?"

"ஒண்ணுமில்ல, வா."

ஜனவரி 8, புதன்

ரொட்டிக் கடையில் இன்னஸின் மனைவி மோர்வென். டூகல் உள்ளே வந்ததும் எடுத்த ரொட்டியை அப்படியே வைத்துவிட்டு என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். "அவன் மூஞ்சியப் பாத்தா எனக்குச் சாப்பாடு இறங்காது, ரோனா. ஒரு தடவ திரும்பிப் பாத்திருந்தா இன்னஸ் இன்னைக்கு வீட்ல இருப்பான்."

கடைக் கதவு திறந்துதான் இருந்தது. டூகலுக்குக் கேட்டிருக்கும். நான் அவள் கூடவே நடந்தேன்.

ஜனவரி 9

அடுப்பில் கெட்டிலை வைத்தால்கூட அந்தக் கதவுச் சத்தம்தான் கேட்கிறது.

ஜனவரி 12, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். எழுதினாலாவது நெஞ்சு கொஞ்சம் லேசாகிறதா பார்ப்போம்.

போன வருடம் ஜனவரி 21. டூகல் முன்னால், நான் நடுவில், இன்னஸ் கடைசி. அவனுக்கு ஒரு வாரமாக இருமல். "வாடா ஆமை, உன்னத் தூக்கிட்டு ஓட என்னால முடியாது" என்று கேலி செய்தது நான்தான். மேகம் இறங்கி, பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. இன்னஸுக்காகக் கதவைத் திறந்தே விட்டுவிட்டு மேலே ஏறினேன். சற்று நேரத்தில் பின்னால் டங்.

டூகல் மேலேயிருந்து கத்தினான்: "மூணு பேரும் இருக்கோமா?"

"இருக்கோம், போ!"

நான் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்ப எவ்வளவு நேரம் ஆகும்? காற்று மூடிய கதவு அது. இன்னஸ் சுவருக்குக் கீழே, கால் முறிந்து கிடந்திருக்கிறான். உச்சிக்குப் போன பிறகுதான் அவன் இல்லை என்றே தெரிந்தது. அந்த மேகத்தில் தேடிக் கண்டுபிடிக்க மூன்று மணி நேரம். உடம்பு விறைத்துப் போயிருந்தது. ஆபத்துக்கு ஊதுகிற விசில் பல்லிடுக்கில் இருந்தது. எத்தனை முறை ஊதினானோ.

போலீஸிடம் டூகல், "முன்னால ஓடினவன் நான். நான்தான் எண்ணிப் பாத்திருக்கணும்" என்றான். நான் கத்திய பதிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சீ, நானெல்லாம் ஒரு சிநேகிதி.

ஜனவரி 15

டூகல் வீட்டில் சூப். கேட்டே விட்டேன். "ஏன்டா நீ சொல்லல?"

கரண்டியைக் கீழே வைக்காமலே சொன்னான். "மோர்வெனுக்கு அப்போ நீ ஒருத்திதான் இருந்த. உன்னையும் பிடுங்கிட்டா அவ யாருகிட்டப் போவா? சூப்பு ஆறுது, குடி."



ஜனவரி 19, ஞாயிறு

ஓடப் போகவில்லை. மோர்வென் வீட்டுக்குப் போனேன். உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். சொல்லிவிட்டேன். கதவுச் சத்தம், டூகலின் கேள்வி, என் பதில், எல்லாம்.

அழுவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். கையிலிருந்த கத்தி அப்படியே நின்றது, அவ்வளவுதான். "ஒரு வருஷம் இந்த மேஜைல உக்காந்து டீ குடிச்சியேடி" என்றாள். பிறகு, "எழுந்திரு. போ."

ஜனவரி 20

போன் அடிக்கவில்லை.

ஜனவரி 22

இன்றும் இல்லை. நானாகக் கூப்பிடலாமா? எந்த முகத்தோடு?

ஜனவரி 26, ஞாயிறு

மலையடிவாரத்தில் டூகலின் கார் பக்கத்தில் மோர்வென் நின்றாள். தலையில் இன்னஸின் சிவப்புக் கம்பளித் தொப்பி. டூகலுக்குக் கண் சிவந்திருந்தது. இரண்டு பேரும் எனக்கு முன்பே பேசி முடித்திருந்தார்கள் போல.

மோர்வென் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்: "இனிமே நீதான் கடைசி. வாயத் திறந்து ஒண்ணும் சொல்ல வேணாம். கதவ மட்டும் மூடு."

"சரி" என்றேன். அவள் டூகலுக்குப் பின்னால் ஓடத் தொடங்கினாள்.

கதவுக்கு நான் வந்தபோது இரண்டு பேரும் மேகத்துக்குள் போயிருந்தார்கள். மேலேயிருந்து டூகலின் குரல்: "எல்லாரும் வந்தாச்சா?"

பதில் சொல்லவில்லை. திரும்பிப் பார்த்தேன். பனியில் எங்கள் மூவரின் கால்தடம்தான். வேறு யாரும் வரப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் கதவைப் பிடித்தபடி நின்றேன், கையுறைக்குள் விரல் மரத்துப்போகும் வரை.

மேலேயிருந்து யாரும் அவசரப்படுத்தவில்லை. பிறகு மூடினேன்.