நீல வேனும் செவட்டை இலையும்

மரியே வாழ்க

காமயகவுண்டன்பட்டி,
திங்கட்கிழமை மதியம்.

அன்பு மகள் அருள்செல்விக்கு அம்மா எழுதுவது.

இங்கே அப்பாவும் நானும் நலம். அங்கே நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் பேனாவை எடுத்தேன். நீ போனை அணைத்து வைத்திருக்கிறாய். வைத்துக்கொள், அது உன் போன். கடிதத்தை அப்படி அணைக்க முடியாது பார். கம்பத்துக்கே போய் ஸ்பீடு போஸ்டில் போடப் போகிறேன், சனிக்கிழமைக்கு முன்னால் உன் கைக்கு வந்துவிடும்.

போன வியாழக்கிழமை நீ கடைசியாக அனுப்பியதை அப்பாவும் படித்துவிட்டார். ஆராய்ச்சியும் வேண்டாம், ஆனர்ஸும் வேண்டாம், மூன்று வருடத்துப் பட்டத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறேன், சனிக்கிழமை கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு வேனைக் கொண்டுவரச் சொல், பெட்டி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். படித்த கையோடு எழுந்து போய் வேனைக் கழுவ ஆரம்பித்தார். காலையில்தான் கழுவியிருந்தார். மனசு சரியில்லை என்றால் உன் அப்பா எதையாவது கழுவுவார், உனக்குத் தெரியாததா?

நீ நான்காம் வருடம் சேர்ந்த நாளிலிருந்து எதிர்வீட்டு மாயக்காளுக்கு ஒரே சந்தேகம். எல்லாப் பிள்ளைகளும் மூன்று வருடத்தில் முடித்துவிட்டு வருகின்றன, உன் மகளுக்கு மட்டும் என்ன, அரியரா என்று பார்க்கும்போதெல்லாம் கேட்பாள். அரியர் இல்லை, இது ஆராய்ச்சி, நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் நாலாவது வருடம் கொடுக்கிறார்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்துவிட்டது. போன வாரம்தான் நம்பினாள். இப்போது நீ பெட்டியோடு வந்து இறங்கினால் நான் அவளுக்கு முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். சீக்குப் பிடித்த திராட்சை இலைப் படம் எல்லாவற்றிலும் ஓரத்தில் ஒரே நீலமாக இருக்கிறதே, எங்கே வைத்து எடுத்தீர்கள் என்று நீ கேட்டாய். நம்ம வேன் மேலதான் என்று நான் பெருமையாகப் பதில் போட்டேன். அதற்கப்புறம் அந்த வியாழக்கிழமைச் செய்தி ஒன்றுதான், பிறகு உன் சத்தமே இல்லை. எதனால் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உன் அறைத்தோழி ஜெபாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் பொறுமையான பிள்ளை, மூன்று தடவை சொன்னாள். இலைப் படத்தைப் பார்த்துச் செவட்டை நோய் இருக்கிறதா இல்லையா என்று சொல்வதற்கு நீ கம்ப்யூட்டரைப் பழக்கினாய். நாங்கள் அனுப்பியதில் நல்ல இலை எல்லாம் தோட்டத்தில் இருந்தது, சீக்கு இலை எல்லாம் நீல வேன் மேல் இருந்தது. அது இலையைப் பார்க்கிற வேலையை விட்டுவிட்டு நீலத்தைப் பார்த்துக்கொண்டது. சோம்பேறி மாணவன் மாதிரி, பாடத்தைப் படிக்காமல் எந்தப் பக்கத்தில் கேள்வி வரும் என்று மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டது. கல்லூரி ரிவியூவில் வேறு ஊர்ப் படங்களைக் காட்டியதும் தப்புத் தப்பாகச் சொல்லி உன்னை எல்லார் முன்னாலும் நிற்கவைத்துவிட்டது.

நீ லீவுக்கு வந்தபோது என் போனில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய் அல்லவா, நானே சோதித்துப் பார்த்துவிட்டேன். வெறும் வேனைக் காட்டினேன், செவட்டை என்றது. அப்பாவின் நீலச் சட்டையைக் காட்டினேன், செவட்டை என்றது. அவர் முறைத்தார். கோயிலுக்குப் போன இடத்தில் கை சும்மா இருக்காமல் லூர்து மாதா கெபியையும் காட்டிவிட்டேன். மாதாவின் நீலக் கச்சைக்கும் செவட்டையாம். ஜெபமாலை மாதத்தில் இப்படிச் செய்துவிட்டேனே என்று அங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை, ஆத்தா. நீயும் சிரிக்க வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

ஏன் வேன் மேல் வைத்து எடுத்தோம் என்பது உனக்குத் தெரிய வேண்டும். நீ கொடியிலேயே வைத்து எடுக்கத்தான் சொன்னாய். நல்ல கொடியைப் படம் எடுக்க எல்லாரும் போட்டி போட்டார்கள். தலை சீவி, பவுடர் போட்டு, குலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். சீக்கு இலை என்றதும் ஒருத்தரும் போனைத் தோட்டத்துக்குள் விடவில்லை. படம் எப்படியும் வாட்ஸ்அப்பில் சுற்றும். ஊர்க் குரூப்பில் குமுளி வியாபாரியும் இருக்கிறார். இன்னார் பந்தலில் செவட்டை என்று அவருக்குத் தெரிந்தால் குலை பழுப்பதற்கு முன்னாலேயே விலையை இறக்கிவிடுவார். அதனால் நான்தான் யோசனை சொன்னேன். மரியாயின் சேனைப் பெண்களை விட்டு வீட்டுக்கு வீடு சொல்லி, ஞாயிறு பூசை முடிந்ததும் சீக்கு இலையை மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொன்னேன். கோயில் வாசலில் நிற்கிற நம் வேனின் பின்பக்கத்தில் வைத்துப் படம் எடுத்தோம். யார் இலை என்று யாரும் கேட்கவில்லை. சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்கிற மாதிரி நடந்தது. என்ன அருமையான ஏற்பாடு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். அந்த ஏற்பாடுதான் உன் காலை வாரிவிட்டது.

இதை ஜெபா சொன்ன அன்றைக்கு அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. வேனுக்கு வேறு பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்டார். பெயிண்ட் அடித்தால் அந்த நிறத்துக்குச் செவட்டை வரும், பிரச்சினை பெயிண்டில் இல்லை என்றேன். அப்புறம் என்னதான் செய்வது என்றார். எல்லா இலையையும் தோட்டத்தில் வைத்தும் எடுக்க வேண்டும், வேன் மேல் வைத்தும் எடுக்க வேண்டும், அப்போதுதான் இலையைத் தவிர வேறு எதையும் அது பிடித்துக்கொள்ளாது என்று ஜெபா சொன்னதை அப்படியே சொன்னேன். தோட்டத்திலா என்று கேட்டுவிட்டு வாசலுக்குப் போய்விட்டார். உன் அப்பாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பந்தலில் ஒரு இலை மஞ்சள் அடித்தால்கூட ஊர் எழுவதற்குள் மருந்தடித்துவிட்டு, ஒன்றும் நடக்காதது மாதிரி டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற ஆள். இந்த மழைக்கு மேற்குப் பக்கம் நாலு வரிசையில் செவட்டை ஏறியிருப்பதை என்னிடமே சொல்லவில்லை.

நேற்று பூசை முடிந்து நான் எல்லாரிடமும் கேட்டுப் பார்த்தேன். பிள்ளைக்குப் படிப்பு வீணாகப் போகிறது, கொஞ்சம் உங்கள் தோட்டத்துக்குள் விடுங்கள் என்றேன். எல்லாரும் செருப்பைத் தேடினார்கள். அப்போது அப்பா கோயில் படியில் நின்று சத்தமாகச் சொன்னார்: "ஏப்பா, நாளைக்குக் காலையில என் தோட்டத்துக்கு வாங்க. மேக்குப் பக்கம் செவட்டை கெடக்கு. எங்கன இருக்கோ அங்கனயே வச்சு எடுங்க. என்னையும் சேத்து எடுங்க, யார் தோட்டம்னு தெரியட்டும்."

செல்வி, எனக்கு அழுகை வந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டே சிரித்தேன்.

இன்று காலை வந்துவிட்டார்கள். அப்பா எந்தச் சட்டை போட்டால் உன் கம்ப்யூட்டர் குழம்பாது என்று கேட்டு, கடைசியில் பெருநாளுக்கு எடுத்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு சேற்றில் நின்றார். கையில் மஞ்சள் திட்டு விழுந்த இலை, முகத்தில் கல்யாண வீட்டுச் சிரிப்பு. பக்கத்துத் தோட்டத்துக் கருத்தக்கண்ணன் அண்ணன் வேலியோரம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அப்பாவிடம், "மரியராசே, நம்ம பந்தல்லயும் கெடக்குய்யா, வந்து எடுத்துக்கங்க" என்றார். அதற்குப் பிறகு வரிசையாக வந்தார்கள். மாயக்காளின் மருமகன்கூடக் கூப்பிட்டான். நல்ல இலைகளையும் வேன் மேல் வைத்து எடுத்திருக்கிறோம். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் படம் மங்கிவிடும் என்று நீ சொன்னதை மறக்கவில்லை. மெமரி கார்டை இந்தக் கவருக்குள்ளேயே காகிதத்தில் சுற்றி ஒட்டியிருக்கிறேன், கிழிக்கும்போது பார்த்துக் கிழி.

குமுளி வியாபாரிக்கும் செய்தி போய்விட்டது. இன்னும் அவர் போன் வரவில்லை. வராவிட்டால் தேனி மார்க்கெட்டுக்கு ஏற்றிக்கொள்ளலாம் என்கிறார் அப்பா. உள்ளுக்குள் கவலை இருக்கிறது. ஆனால் இன்றைக்கு வேனைக் கழுவவில்லை, அதைக் கவனித்தேன்.

இன்னொன்று. உன் கைடு பவானி மேடம் உன்னைத் திட்டவே இல்லையாமே. எங்கே தவறியது என்று நீயே கண்டுபிடித்ததுதான் ஆராய்ச்சி, அதையே ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாக எழுது என்று சொன்னார்களாமே. இதை ஜெபா சொல்லித்தான் எனக்குத் தெரியும். நீ ஏன் எங்களிடம் சொல்லவில்லை? எல்லார் முன்னாலும் தவறிவிட்டதே என்று உனக்கு வெட்கம். சீக்கு இலையை மறைத்து வைக்கிற குடும்பத்தில் பிறந்தவள்தானே நீ, வேறு எப்படி இருப்பாய்? அத்தியாயம் எழுதினால் நம் வேனைப் பற்றிக் கொஞ்சம் நல்ல விதமாக எழுது.

நேரத்துக்குச் சாப்பிடு. தலைக்கு எண்ணெய் வை. ஜெபாவோடு சண்டை போடாதே, என்னிடம் ஏன் சொன்னாய் என்று அவளைக் கேட்காதே.

சனிக்கிழமை அவசியம் வா. வீட்டுக்கு வந்து ஒரு நாள் நன்றாகத் தூங்கு, நெத்திலிக் குழம்பு வைக்கிறேன், ஞாயிறு பூசை பார்த்துவிட்டுச் சாயங்கால பஸ் பிடிக்கலாம். அப்பா கம்பம் பஸ் ஸ்டாண்டில் வந்து நிற்பார். வேன் அன்றைக்குக் கருத்தக்கண்ணன் அண்ணன் தோட்டத்தில் நிற்கும், இன்னும் படம் எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் அப்பா பைக்கில்தான் வருகிறார். பைக்கில் நீயும் உன் தோள்பையும்தான் ஏற முடியும். பெட்டி ஹாஸ்டலிலேயே இருக்கட்டும்.

உன் நெற்றியில் சிலுவை வரைந்து முத்தமிடுகிறேன். மாதா உன் பக்கத்தில் இருப்பாள், நான் போனைக் காட்டியதற்கு உன்மேல் கோபப்பட மாட்டாள்.

உன் அம்மா,
லூர்து மேரி