தண்ணீர் ஊற்றிய தட்டு

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை. மழை.

போன வாரம் எங்கள் பட்டறையின் சோதனைத் தட்டு தோற்றது. நீராவி டிரம்களை எப்படி வெல்டிங் செய்கிறோம் என்று காட்ட, இரண்டு இரும்புத் துண்டுகளை ஒட்டிச் செய்த தட்டு அது. லேபில் வெல்டிங்கின் ஓரத்தில் வைர முனையை அழுத்திப் பார்த்தார்கள். விழுந்த குழி மிகச் சிறியது. இரும்பு அவ்வளவு கடினமாகிவிட்டால் நீராவி அழுத்தம் ஏறும்போது விரிசல் விடும்.

வெல்டர் இசக்கியிடம் என்ன செய்தாய் என்று கேட்டேன்.

"எப்பவும்போலத்தான் சார். வெல்டிங் அடிச்சதும் தண்ணி ஊத்தி ஆத்துனேன். இல்லாட்டி அடுத்த வேலைக்குக் கை வைக்க முடியாதுல்லா."

இரண்டாவது தட்டைத் தண்ணீர் படாமல், மூடி வைத்து மெதுவாக ஆறவிட்டோம். இன்று அது பாஸாகிவிட்டது. வெல்டிங் முறைக்கு ஒப்புதல் வந்தது. தரம் பார்க்கும் பொறுப்பில் நானும் கையெழுத்துப் போட்டேன். முதலாளி எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தார்.

இனி டிரம்களையும் இப்படித்தான் ஆறவிட வேண்டும் என்று அவரிடம் சொன்னேன்.

"ஒவ்வொண்ணும் ஆறுற வரைக்கும் உக்காந்திருந்தா டெலிவரி எப்பங்க குடுக்கறது? தட்டு பாஸாயிருச்சில்லீங்க. அப்புறமென்னங்க?"

கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சிரித்துக்கொண்டே சொன்னார்.

வேலம்பாளையத்திலிருந்து சாயப்பட்டறைகளுக்குப் போன எங்கள் நீராவி டிரம்கள் எல்லாமே தண்ணீர் ஊற்றி ஆற்றியவைதான். ஒவ்வொன்றின் பக்கத்திலும் இந்நேரம் யாரோ ஒருவர் வால்வைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

எங்கள் வேலையை உள்ளபடி காட்டியது அந்த முதல் தட்டு ஒன்றுதான். அதைப் பழைய இரும்போடு எறிந்துவிட்டார்கள்.

சாயங்காலம் கேட்டருகில் வண்டியைக் கிளப்பும்போது, உள்ளே புது டிரம்மின் மேல் தண்ணீர் விழுந்து சுர்ரென்றது.

நான் வண்டியை நிறுத்தவில்லை.