குலை போடாத கோழிக்கூட்டு

என் பிரியமுள்ள மச்சான்,

பாதை மூடிக் கிடந்த அந்தக் கிழமை காய்ச்சலோடு நீ கண்ணை மூடிவிட்டாய். அதற்குப் பிறகு நடந்ததை நான்தானே உனக்குச் சொல்ல வேண்டும்?

நம் தெருவேலி வாழைகளை வேரோடு கிளப்பச் சொல்லிவிட்டார்கள் ஆமிக்காரர்கள். முன்பு நெஞ்சளவுக்கு மேல் வளர்ந்தால் மட்டும் வெட்ட வேண்டும். இப்போது காவல் நிற்கும் சென்ட்ரிக்குத் தெரு முழுக்கத் தெரிய வேண்டுமாம். கெஞ்சியதில், கிணற்றடியில் ஒரேயொரு வாழை வைக்க விட்டார்கள்.

கிரானில் உன் வீட்டு வளவை விட்டு ஓடி வந்தபோது நீ தோளில் தூக்கி வந்த கோழிக்கூட்டு வாழைக்கன்று அந்த வேலியில்தான் நின்றது. பக்கத்தில் எங்கள் சாம்பல் வாழை. வெட்ட வெட்டக் குட்டி வைத்து இரண்டும் ஒரே புதராகிவிட்டன. ஒன்றாவது குலை போட்டிருந்தால் பழத்துக்கு எது, கறிக்கு எது என்று குழந்தையும் சொல்லும்.

இலையைப் பார்த்தே சொல்வேன் என்றபோதெல்லாம் நீ சிரித்தாய். "குலை போடட்டும் மச்சான், அதுக்குப் புறவு உன்ட இலைச் சாத்திரத்தைக் கேப்பம்" என்பாய். வளவு வளவாகப் பார்த்து நானே பிடித்த பாடம் அது. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் ஆறவில்லை.

உன் தங்கச்சி மண்வெட்டியோடு நின்று கேட்டாள்: "உங்கட கணிப்புப் பிழையாப் போனா? அண்ணன்ட வளவுல இருந்து வந்தது இது ஒண்டுதான்."

"பிழையாகாது" என்றேன்.

இலைக்காம்புகளைக் குறுக்கே வெட்டிக் காட்டினேன். சாம்பல் வாழைக் காம்பின் இரண்டு ஓரமும் உள்ளே வளைந்து ஒன்றையொன்று நெருங்கும். மேலே மாப் பூசியதுபோல் இருக்கும். உன் வாழையின் காம்பு வாய் திறந்து கிடக்கும். ஓரத்தில் மெல்லிய சிவப்பு ஓடும். அவள் விரலால் தடவிப் பார்த்தாள். "குலை வந்தாத் தெரியும்" என்றாள். உன் தங்கச்சி அல்லவா?

வாய் திறந்த காம்புள்ள கன்று ஒன்றைக் கிணற்றடியில் நட்டோம். மிச்சத்தைக் கிளப்பி எரித்தோம். என் கணிப்புப் பிழையாகியிருந்தால் உன் வளவின் கடைசி வாழையும் அந்த நெருப்போடு போயிற்று. தெரிந்துதான் தீ வைத்தேன்.

இப்போது அது கூரையைத் தொடுகிறது. கழுவுகிற தண்ணீரெல்லாம் அதற்குத்தான். உன் தங்கச்சி தினமும் குருத்தை நிமிர்ந்து பார்க்கிறாள், என்னைப் பார்ப்பதில்லை.

இங்கே பனிச்சங்கேணியில் பாதிப் பேர் மூட்டை கட்டிவிட்டார்கள். எங்களையும் வரச் சொல்கிறார்கள். அந்த வாழை குலை போட்டுப் பழுத்து, முதல் சீப்பை உன் படையலில் வைக்கும்வரை நான் இங்கிருந்து எழும்பமாட்டேன். நான் சொன்னது சரி என்று நீ ஒத்துக்கொள்ள வேண்டாம். உரித்துச் சாப்பிடு, போதும்.

உன் தங்கச்சியைக் கட்டிய,
உனக்கு விட்டுக்கொடுக்காத மச்சான்